"சொன்னேன்ல!" என்பது ஒரு பதிலா?

சர்க்கி தாத்ரி விமான விபத்தைப் பற்றி யார் பேச ஆரம்பித்தாலும் கடைசியில் ஒரே வரியில்தான் வந்து நிற்பார்கள். "அந்தக் கஜகஸ்தான் பைலட்டுக்கு இங்கிலீஷ் தெரியாதுங்க. அதான்." டீக்கடையில் இருந்து நம்ம பதிவுலகம் வரைக்கும் இதே தீர்ப்புதான். 349 உயிருக்கு ஒரு வரி.

இந்த ஒரு வரித் தீர்ப்பு எனக்குச் சுத்தமாகப் பிடிக்கவில்லை. அது முழுப் பொய் என்பதால் அல்ல. பாதி உண்மை என்பதால். முழுப் பொய்யைத் தூக்கிப் போட்டுவிடலாம். பாதி உண்மை இருக்கிறதே, அது மீதிப் பாதியை மூடி வைத்துவிடும். இந்தப் பதிவு அந்த மீதிப் பாதிக்காக. கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள் மக்களே.

என்ன நடந்தது?

1996 நவம்பர் 12, சாயங்காலம் ஆறரை மணி சுமாருக்கு டெல்லியில் இருந்து சவூதியா 763 கிளம்புகிறது. போயிங் 747, உள்ளே 312 பேர். அதில் பாதிக்கு மேல் இந்தியர்கள். பெரும்பாலும் வளைகுடாவுக்குப் பிழைக்கப் போன ஜனங்கள். எதிர்த்திசையில் கஜகஸ்தானின் ஷிம்கென்ட்டில் இருந்து டெல்லியில் இறங்குவதற்காக ஓர் இல்யூஷின் 76 வருகிறது. அதில் 37 பேர்.

தரைக்கட்டுப்பாட்டு அதிகாரி, இறங்கி வரும் கஜக் விமானத்தை 15,000 அடியில் நிற்கச் சொன்னார். ஏறி வரும் சவூதி விமானத்தை 14,000 அடியில் நிற்கச் சொன்னார. நடுவில் ஆயிரம் அடி இடைவெளி. எதிரே ஒரு விமானம் வருகிறது, இத்தனை மைலில், இந்த உயரத்தில் என்று கஜக் விமானத்துக்குத் தகவலும் கொடுத்தார். 15,000 அடிக்கு வந்துவிட்டோம் என்று அங்கிருந்து பதிலும் வந்தது. ஆனால் விமானம் 15,000 அடியில் நிற்கவில்லை. இறங்கிக்கொண்டே இருந்தது. ஹரியானாவில் சர்க்கி தாத்ரி பக்கத்து வயல்களுக்கு மேலே இரண்டும் மோதின. ஒருத்தர்கூட மிஞ்சவில்லை. நடுவானில் இரண்டு விமானங்கள் மோதிய விபத்துகளில் உலகத்திலேயே அதிகம் பேர் செத்தது இன்றைக்கு வரைக்கும் இதில்தான்.

நீதிபதி ஆர்.சி. லஹோட்டி தலைமையில் விசாரணை நடந்தது. கொடுத்த உயரத்தை மீறி இறங்கியது கஜக் விமானம்தான் என்றும், அவர்களுடைய ஆங்கிலம் போதவில்லை என்றும் அறிக்கை சொன்னது. ஒத்துக்கொள்கிறேன். அதில் எனக்குச் சண்டை இல்லை.

என் சண்டை எல்லாம், அந்த இடத்தோடு படிப்பதை நிறுத்திவிட்டுப் பதிவு போடுகிற அண்ணாச்சிகளோடுதான்.

மீதிப் பாதி

ஒன்று. கஜக் விமானத்தில் ரேடியோவில் பேசியது விமானத்தை ஓட்டியவர் அல்ல. பழைய சோவியத் வழக்கப்படி அதற்கென்று தனியாக ஒரு ரேடியோ ஆபரேட்டர். உயரம் காட்டும் மீட்டர் அவர் முன்னால் கிடையாது. எட்டி, பைலட்டுகளின் தோளுக்கு மேலாகப் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டும். அதாவது கேட்டவன் ஒருத்தன், பதில் சொன்னவனும் அவனே, விமானத்தைப் பிடித்திருந்த கை வேறொருத்தனுடையது. கடைசி நொடிகளில் அந்த ஆபரேட்டர்தான் உயரம் தப்பாக இருப்பதைக் கவனித்து, மேலே ஏற்றச் சொல்லிக் கத்தினார். ஏற்றினார்கள். ஏறும்போதுதான் இடித்தது.

இரண்டு. அன்றைக்கு டெல்லி கட்டுப்பாட்டு அறையில் இருந்த ராடார், விமானம் எங்கே இருக்கிறது என்று காட்டும். எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று காட்டாது. உயரம் காட்டுகிற ராடார் இன்னும் வேலைக்கு வரவில்லை. ஆகவே அந்த அதிகாரிக்குத் தெரிந்த ஒரே உயரம், பைலட் வாயால் சொல்கிற உயரம். அவர் பார்த்துக்கொண்டிருந்தது திரையில் இரண்டு புள்ளிகள். இரண்டும் நெருங்குகின்றன. ஆயிரம் அடி இடைவெளி இருக்கிறது என்பது அவருடைய நம்பிக்கை மட்டும்தான்.

மூன்று. டெல்லிக்கு உள்ளே வருவதற்கும் வெளியே போவதற்கும் ஒரே பாதை. சுற்றியிருந்த வான்வெளியில் பெரும்பகுதி விமானப்படை கையில். பஸ் ஸ்டாண்டில்கூட 'உள்ளே', 'வெளியே' என்று இரண்டு வாசல் வைக்கிறோம்.

நாலு. நடுவானில் மோதாமல் தடுக்க விமானத்துக்குள்ளேயே எச்சரிக்கை கொடுக்கும் 'டிகாஸ்' கருவி அப்போதே உலகத்தில் இருந்தது. நம் நாட்டில் அதைக் கட்டாயம் ஆக்கியது இந்த விபத்துக்கு அப்புறம்தான். வரப்போக தனிப் பாதையும் அப்புறம்தான். உயரம் காட்டும் ராடாரும் அப்புறம்தான்.

இப்போது சொல்லுங்கள். 'இங்கிலீஷ் தெரியாது' என்ற வரிக்குள் இந்த நாலும் அடங்குகிறதா? அந்த பைலட் நன்றாக இங்கிலீஷ் பேசியிருந்தால் அன்றைக்குத் தப்பியிருக்கலாம். இன்னொரு நாள், காது சரியாகக் கேட்காத இன்னொரு பைலட் வந்திருப்பான். ஒரு மனிதன் ஒரு வார்த்தையைத் தப்பாகக் கேட்டாலே 349 பேர் சாகலாம் என்கிற மாதிரி ஏற்பாடு செய்து வைத்தது யார்?

"இங்கிலீஷ் தெரிஞ்சா போதும்" கட்சிக்கு

1989 பிப்ரவரி 19. கோலாலம்பூர் சுபாங் விமான நிலையம். நம் சொந்தக்காரர்கள் ஏறி இறங்கிய பழைய விமான நிலையம்தான். ஃப்ளையிங் டைகர் கம்பெனியின் சரக்கு விமானம் ஒன்று, 747, சிங்கப்பூரில் இருந்து வந்து இறங்கப் பார்க்கிறது. கட்டுப்பாட்டு அதிகாரி 2,400 அடிக்கு இறங்கச் சொல்கிறார். சொன்ன விதம்தான் வினை. "டிசென்ட் டூ ஃபோர் ஸீரோ ஸீரோ." இதில் 'டூ' என்பது எண் இரண்டு. விமானத்தில் இருந்தவர்கள் காதில் அந்த 'டூ' வேறு 'டூ'வாக விழுந்தது. '400 அடிக்கு' என்று எடுத்துக்கொண்டார்கள். "ஓகே, ஃபோர் ஸீரோ ஸீரோ" என்று திருப்பியும் சொன்னார்கள். அந்தப் பதிலில் ஒரு 'டூ' குறைகிறதே என்று கீழே யாரும் பிடிக்கவில்லை. விமானம் போய்க் குன்றில் மோதியது. உள்ளே இருந்த நாலு பேரும் போய்விட்டார்கள்.

ஒன்றைக் கவனியுங்கள். விமானத்தை ஓட்டியவர்கள் அமெரிக்கர்கள். தொட்டிலிலேயே இங்கிலீஷ் பேசினவர்கள்! இங்கிலீஷ் தெரியாததால் அவர்கள் சாகவில்லை. இங்கிலீஷில் எண் 'டூ'வும் இன்னொரு 'டூ'வும் ஒரே சத்தம் என்பதால் செத்தார்கள்.

இதைவிடப் பெரியது 1977 மார்ச் 27, டெனெரிஃப். இரண்டு 747 ஓடுபாதையிலேயே மோதி 583 பேர் பலி. பனிமூட்டத்தில் கேஎல்எம் கேப்டன் கிளம்பிவிட்டார். "இப்ப டேக்‌ஆஃப்ல இருக்கோம்" என்கிற மாதிரி ஒரு வாசகம் அவர்கள் பக்கமிருந்து ரேடியோவில் போனது. கிளம்பக் காத்திருக்கிறார்கள் என்று கோபுரத்தில் எடுத்துக்கொண்டு "ஓகே" என்றார்கள். அதற்கடுத்து 'நில்லுங்கள், கூப்பிடுகிறேன்' என்று சொன்னதும், எதிரே ஓடுபாதையில் ஊர்ந்து வந்துகொண்டிருந்த பான் ஆம் விமானம் 'நாங்கள் இன்னும் பாதையில்தான் இருக்கிறோம்' என்று சொன்னதும் ஒரே நேரத்தில் ரேடியோவில் மோதி வெறும் கிரீச் சத்தமாகக் கேட்டது. இங்கே யாருக்கும் இங்கிலீஷ் தெரியாமல் இல்லை. அந்த "ஓகே" ஒன்று போதுமாக இருந்தது.

அதற்கப்புறம் என்ன செய்தார்கள் என்பதுதான் முக்கியம். 'எல்லாரும் இனிமே ஜாக்கிரதையா கேளுங்கப்பா' என்று அறிவுரை சொல்லிவிட்டுக் கலைந்து போகவில்லை. 'டேக்‌ஆஃப்' என்கிற வார்த்தையையே பூட்டி வைத்தார்கள். கிளம்ப அனுமதி கொடுக்கும்போதோ அதை ரத்து செய்யும்போதோ மட்டும்தான் அந்த வார்த்தை வாயில் வரலாம். மற்ற நேரமெல்லாம் 'டிபார்ச்சர்' என்று சொல்ல வேண்டும். மனிதனைத் திருத்துவதைவிட வார்த்தையைத் திருத்துவது சுலபம் என்று அவர்களுக்குப் புரிந்திருக்கிறது.

"தமிழ்லயே பேசிட்டா பிரச்சினை தீர்ந்துச்சு" கட்சிக்கு

இதையும் சொல்லாவிட்டால் நான் ஒருதலைப்பட்சம் ஆகிவிடுவேன். விமானத்துக்குள் தமிழில் அறிவிப்பு வேண்டும் என்பதில் எனக்கு நூறு சதவீதம் உடன்பாடு. பயணிக்குப் புரியாத மொழியில் சீட் பெல்ட் பாடம் நடத்துவது கூத்து. ஆனால் பைலட்டும் கோபுரமும் அவரவர் தாய்மொழியில் பேசிக்கொண்டால் என்ன என்று கேட்பவர்கள் 1976 செப்டம்பர் 10, ஸாக்ரெப் விபத்தைப் படிக்க வேண்டும்.

அன்றைக்கு யூகோஸ்லாவியாவின் டிசி-9 ஒன்றும் பிரிட்டிஷ் ஏர்வேஸ் ட்ரைடென்ட் ஒன்றும் நடுவானில் மோதி 176 பேர் செத்தார்கள். கடைசி நொடிகளில் பதற்றத்தில் கட்டுப்பாட்டு அதிகாரி தன் நாட்டு விமானத்தோடு தாய்மொழியில் பேசிவிட்டார். பதறினால் தாய்மொழிதானே வரும்? நமக்கும் 'அய்யோ அம்மா' என்றுதான் வரும். ஆனால் அதே அலைவரிசையில் கேட்டுக்கொண்டிருந்த பிரிட்டிஷ் பைலட்டுகளுக்கு அவர் என்ன சொன்னார் என்று ஒன்றும் புரியவில்லை.

அந்த அதிகாரி ஒருத்தரை மட்டும் பிடித்து ஏழு வருடம் தண்டனை கொடுத்தார்கள். ஆள் பற்றாக்குறை, அளவுக்கு மீறிய வேலைப் பளு எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே தலை. மற்ற நாட்டு அதிகாரிகள் எல்லாம் சேர்ந்து குரல் கொடுத்ததில் பாதியில் விடுதலையானார். 2002-ல் ஜெர்மனியின் ஊபர்லிங்கன் மேலே நடுவானில் மோதி 71 பேர் செத்தபோது, கட்டுப்பாட்டுப் பணியில் இருந்தது ஒரே ஆள். தொலைபேசி இணைப்பும் கெட்டிருந்தது. அந்த அதிகாரியை, குடும்பத்தைப் பறிகொடுத்த ஒருவர் 2004-ல் கொன்றே போட்டார். 2007-ல்தான் நீதிமன்றம் அந்த நிறுவனத்தின் மேலாளர்கள் நாலு பேரைக் குற்றவாளிகள் என்றது. இப்படி ஓர் இரவில் ஒரே ஆளை உட்கார வைத்தது யார் என்று கேட்க ஐந்து வருடம் ஆகியிருக்கிறது.

சரி, விஸ்வநத்தத்துக்கு என்ன வந்தது?

'சிவகாசியை ஒட்டிக் கிடக்கிற ஊர்ல உக்காந்துக்கிட்டு உனக்கு எதுக்குய்யா ஏரோப்ளேன் ஆராய்ச்சி?' நியாயமான கேள்வி.

எங்கள் ஊர்ப் பக்கம் பட்டாசு ஆலையில் வெடித்தால் மறுநாள் பேப்பரில் என்ன வரும் என்று எனக்கு இன்றைக்கே தெரியும். 'மருந்துக் கலவையில் ஏற்பட்ட உராய்வு.' 'தொழிலாளர்களின் அலட்சியம்.' போர்மேன் மேல் வழக்கு. ஊருக்குள் கேட்டால், "எத்தனை தடவ சொல்றது, இவங்க கேக்க மாட்டாங்கண்ணே." சர்க்கி தாத்ரிக்குக் கொடுத்த அதே ஒரு வரித் தீர்ப்பு. அங்கே 'இங்கிலீஷ் தெரியாது', இங்கே 'சொன்னா கேக்க மாட்டான்'.

சொன்னது யார், எந்த மொழியில், எந்தச் சத்தத்துக்கு நடுவில், கேட்டவன் என்ன புரிந்துகொண்டான், அதை யார் சரிபார்த்தது? இந்தக் கேள்வி எதுவும் வழக்கில் வராது.

இங்கேயும் கேட்பவன் ஒருத்தன், செய்பவன் இன்னொருத்தன்தான். விதியைத் தெரிந்து வைத்திருப்பவர் உரிமம் வைத்திருக்கும் முதலாளி. அவரிடமிருந்து மேனேஜர். மேனேஜரிடமிருந்து போர்மேன். சில இடங்களில் நடுவில் உள்குத்தகை எடுத்தவர் வேறு. கடைசியில் மருந்து செலுத்துகிற அக்காவிடம் வந்து சேர்வது "சீக்கிரம் முடிங்க, லோடு நிக்குது" மட்டும்தான். ஓர் அறையில் எத்தனை பேர், எவ்வளவு மருந்து என்கிற விதியெல்லாம் வழியிலேயே உதிர்ந்துவிடும். அறைச் சுவரில் எழுதித்தான் வைத்திருக்கிறார்கள். எழுதி வைத்ததைப் படிக்கச் சொல்லிக் கேட்டவர் யார்? இப்போது வடமாநிலத்துப் பிள்ளைகளும் வேலைக்கு வருகிறார்கள். அவர்களுக்கு அந்தத் தமிழ் எழுத்து, கஜக் பைலட்டுக்கு இங்கிலீஷ் மாதிரி.

இன்னொரு விஷயம், பயம். 1990 ஜனவரி 25, நியூயார்க் பக்கத்தில் கொலம்பியாவின் அவியாங்கா 52 எரிபொருள் தீர்ந்து விழுந்தது. 73 பேர் பலி. எரிபொருள் தீர்கிறது என்று அவர்கள் சொல்லத்தான் செய்தார்கள். முன்னுரிமை கேட்டார்கள். ஆனால் 'எமர்ஜென்சி' என்ற அந்த ஒரு வார்த்தையைச் சொல்லவில்லை. சொல்லாததால் கீழே இருந்தவர்களுக்கு விறுவிறுப்பு வரவில்லை. எங்கள் ஊர் ஆலையில் ஓர் அம்மா "மருந்து கொஞ்சம் சூடா இருக்கிற மாதிரி தெரியுது சார்" என்று இழுத்து இழுத்துச் சொல்வதும் இதே ரகம். வேலை போய்விடுமோ என்று இழுக்கிறார். கேட்கிறவருக்கு அவசரம் தெரிவதில்லை. இழுத்துச் சொன்னாலும் அவசரமாகவே எடுத்துக்கொள்ள வேண்டியது யார் பொறுப்பு? அதிகாரம் கையில் வைத்திருப்பவர் பொறுப்புதானே?

2012 செப்டம்பர் 5, முதலிப்பட்டி ஆலை வெடிப்பில் சுமார் 40 பேர் செத்தார்கள். உள்ளே வேலை பார்த்தவர்கள் மட்டும் இல்லை. முதல் சத்தம் கேட்டு உதவிக்கு ஓடினவர்களும், என்னவென்று பார்க்கப் போனவர்களும் அடுத்தடுத்த வெடிப்பில் மாட்டிக்கொண்டார்கள். ஓர் அறை வெடித்தால் அடுத்து என்ன ஆகும் என்று ஆலை நடத்துகிறவர்களுக்குத் தெரியும். உரிமம் கொடுக்கிற அதிகாரிக்கும் தெரியும். சுற்றி இருக்கிற கிராமத்துக்குச் சொல்ல வேண்டியது யார்? அப்போதும் சில பேர் என்ன சொன்னார்கள் தெரியுமா? "வேடிக்கை பாக்கப் போனா இப்படித்தான்." அடப்பாவிகளா!

திருப்பிச் சொல்லுதல்

விமானத்துறையில் ஒரு வழக்கம் உண்டு. உயரம், ஓடுபாதை எண், கிளம்பும் அனுமதி மாதிரி உயிர் போகிற விஷயங்களைக் கோபுரம் சொன்னால், பைலட் 'சரி' என்று மட்டும் சொல்லக் கூடாது. கேட்டதை அப்படியே திருப்பிச் சொல்ல வேண்டும். அதோடு முடியவில்லை. திருப்பிச் சொன்னதைக் கோபுரத்தில் இருப்பவர் காது கொடுத்துக் கேட்டு, தப்பு இருந்தால் அங்கேயே திருத்த வேண்டும். இரண்டாவது பாதி நடக்காததால்தான் சுபாங்கில் 'ஃபோர் ஸீரோ ஸீரோ' அப்படியே போய்க் குன்றில் மோதியது.

திருப்பிச் சொன்னாலும் போதாது என்பதற்கும் உதாரணம் இருக்கிறது. 2024 ஜனவரி 2, டோக்கியோ ஹானெடா. கடலோரக் காவல்படை விமானத்துக்கு 'நம்பர் ஒன், ஓடுபாதைக்கு முன்னால் போய் நில்' என்று சொன்னார்கள். அதைச் சரியாகவே திருப்பிச் சொன்னார்கள். ஆனால் அந்த 'நம்பர் ஒன்'னை முதல் அனுமதி நமக்குத்தான் என்று எடுத்துக்கொண்டு ஓடுபாதைக்குள் போய் நின்றுவிட்டார்கள். இறங்கி வந்த ஜப்பான் ஏர்லைன்ஸ் விமானம் மோதியது. காவல்படை விமானத்தில் ஐந்து பேர் பலி. பயணிகள் விமானத்தில் இருந்த 379 பேரும் தப்பித்தது தனிக்கதை. ஓடுபாதையில் ஒரு விமானம் நிற்கிறது என்று கோபுரத்துத் திரை காட்டியும் யார் கண்ணிலும் படவில்லை. அப்புறம் 'நம்பர் ஒன்' என்று வரிசை சொல்வதையே கொஞ்ச நாள் நிறுத்தி வைத்தார்கள். பாருங்கள், அங்கேயும் முதலில் வார்த்தையில்தான் கை வைக்கிறார்கள்.

எங்கள் பக்கத்தில் ஓர் அச்சகம். பெயர் வேண்டாம். ஆஃப்செட் மிஷின் ஓடுகிற சத்தத்தில் போனில் ஆர்டர் வந்தது. லேபிள் இருபதாயிரம். மிஷின்காரர் காதில் எழுபதாயிரம். போனில் இருபது, அறுபது, எழுபது மூன்றும் அண்ணன் தம்பி. அடித்து முடித்துவிட்டார். முதலாளி சொன்னது ஒரே வார்த்தை: "சொன்னேன்ல!" பேப்பர் காசு அந்த மனுஷன் சம்பளத்தில் பிடித்தம். 'எத்தனைன்னு திருப்பிச் சொல்லு' என்று ஒரு வாய் கேட்டிருந்தால் ஆகியிருக்கும் செலவு ஐந்து விநாடி. அங்கே போனது பேப்பர். மருந்து அறையில் போவது பேப்பர் இல்லை.

அதனால்தான் இந்த 'சொன்னேன்ல' மேல் எனக்கு இவ்வளவு கோபம். சொன்னவர் கை கழுவிக்கொள்ளக் கண்டுபிடித்த சோப்பு அது. மேலே இருப்பவர் மட்டும்தான் அதைச் சொல்ல முடியும். மேனேஜரிடம் போய் எந்தத் தொழிலாளியாவது 'சொன்னேன்ல' என்று சொல்லி வேலையில் நீடித்திருக்கிறாரா?

நான் கேட்பது பெரிய ராடார் எல்லாம் இல்லை. காலையில் வேலை ஆரம்பிக்கும் முன், இன்றைக்கு எந்த மருந்து, எவ்வளவு, எத்தனை பேர், ஏதாவது ஆனால் எந்த வாசல் என்பதை அவரவர் மொழியில் சொல்லி, அவர்கள் வாயாலேயே திருப்பிச் சொல்ல வையுங்கள். தப்பாகச் சொன்னால் அங்கேயே திருத்துங்கள். 'நிறுத்துங்க' என்று யார் சொன்னாலும், நேற்று வேலைக்கு வந்த பிள்ளை சொன்னாலும், வேலை நிற்கட்டும். சொன்னதற்காக ஒருத்தர் கூலியிலும் கை வைக்காதீர்கள். வெடித்த பிறகு விசாரிக்கிற அதிகாரிகள், 'இவர்களுக்குச் சொல்லப்பட்டதா?' என்று கேட்காமல், 'இவர்களுக்குப் புரிந்தது என்று உனக்கு எப்படித் தெரியும்?' என்று கேட்கட்டும். அந்த ஒரு கேள்வி கோர்ட்டில் வந்தாலே பாதி முதலாளிகளுக்குத் திருப்பிக் கேட்கிற பழக்கம் வந்துவிடும்.

டிஸ்கி: பின்னூட்டத்தில் வந்து 'நல்ல பதிவு', 'ரிப்பீட்டே' என்று மட்டும் போட்டுவிட்டுப் போகிறவர்கள் தயவுசெய்து என்ன புரிந்தது என்று ஒரு வரி எழுதிவிட்டுப் போங்கள். தப்பாக இருந்தால் நான் அங்கேயே வந்து திருத்துகிறேன். ஹி ஹி.